பழைய பாரமானி: சங்கிலி, நூல், தண்ணீர்க் குழாய்

ஒருவழியாக பாரமானி, அதாவது காற்றழுத்தம் காட்டும் கருவி, வேலை செய்கிறது. வேலை செய்கிறது என்றால், பக்கத்தில் மாட்டிய தண்ணீர்க் குழாயில் 345 மி.மீ. மட்ட வித்தியாசம் வரும் அளவுக்குக் காற்றை உறிஞ்சினால் டயலில் முள் ஓர் அங்குலம் இறங்குகிறது, விட்டால் ஒரு கோடு முன்னே பின்னே பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. அவ்வளவுதான். நாளைக்கு மழை வருமா என்று கேட்டால் சொல்லாது. இடையில் கொஞ்ச காலம் மழையையும் சொல்லிக்கொண்டிருந்தது, ஆனால் அப்போது அது பழுதாக இருந்தது. அந்தக் கூத்தையும் சேர்த்தே எழுதி வைக்கிறேன்.

கருவி இதுதான்: பித்தளைக் கூடு, 4 அங்குல டயல், 28 முதல் 31 வரை அங்குலக் கணக்கில் அளவு (காற்றழுத்தம் எத்தனை அங்குலப் பாதரசத்தைத் தாங்கும் என்ற கணக்கு), ஒவ்வோர் அங்குலத்துக்கும் 50 கோடு. கறுப்பு முள் ஒன்று அழுத்தத்தைக் காட்டும். கண்ணாடிக்கு நடுவில் உள்ள குமிழைத் திருகினால் நகரும் பித்தளை முள் ஒன்று தனியாக இருக்கும். விளிம்பில் ஆங்கில எழுத்தில் ஸ்டார்மி, ரெயின், சேஞ்ச், ஃபேர், வெரி டிரை. கீழே சின்னதாக 'காம்பென்சேட்டட்'. கைக்கு வந்தபோது கறுப்பு முள் 28.4இல் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அந்த எண்ணை நம்பினால் நான் ஒரு பெரும் புயலின் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

திறப்பதற்கு முன்பு ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: உள்ளே இருக்கும் வெற்றிட டப்பா உயிரோடு இருக்கிறதா? டப்பாவில் ஓட்டை விழுந்து காற்று புகுந்திருந்தால் மற்றதையெல்லாம் துடைத்துப் பளபளப்பாக்கி ஒரு பயனும் இல்லை. கருவியை உள்ளே வைத்து, காற்றோடு சேர்த்து மூடி, பையை உள்ளங்கையால் அமுக்கிப் பார்க்க ஒரு பெரிய ஜிப் பிளாஸ்டிக் பை போதும். அமுக்கினால் முள் வலப்பக்கம் ஏற வேண்டும். என்னுடையது ஏறவில்லை, ஆனால் கூட்டை விரலால் தட்டினபோது திடீரென்று இரண்டு கோடு துள்ளியது. சரி, டப்பா செத்துவிடவில்லை, எங்கோ சிக்கியிருக்கிறது.

கண்ணாடியைப் பிடித்திருக்கும் பித்தளை வளையம் வெறும் இறுக்கத்தில்தான் நிற்கிறது. சுற்றிலும் நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினால் வந்துவிடும், திருப்புளியை விட்டு நெம்பினால் பித்தளையில் பல் விழும். கறுப்பு முள்ளும் அப்படித்தான், கூம்பு வடிவ அச்சில் அழுத்திச் செருகியது. டயலைக் காப்பாற்ற நடுவில் ஓட்டை போட்ட ஒரு தடித்த காகிதத்தை அடியில் நுழைத்து, இரண்டு சின்னக் கரண்டிக் காம்புகளை எதிரெதிரே வைத்து ஒரே நேரத்தில் மேலே தூக்கினேன். எடுப்பதற்கு முன் முள் எந்த எண்ணில் நின்றது என்று படம் எடுத்துக்கொள்வது நல்லது. திரும்ப மாட்டும்போது அதுதான் முதல் பிடி.

டயலைக் கழற்றினால் உள்ளே இருப்பது ஆச்சரியமான அளவுக்குக் குறைவு. அலையலையாக மடிப்பு போட்ட, 40 மி.மீ. விட்டமுள்ள ஒரு தட்டையான உலோக டப்பா. அதற்குள் காற்று கிட்டத்தட்ட இல்லை. அந்த அளவு பரப்பின்மேல் வளிமண்டலம் வைக்கும் பாரம் சுமார் 13 கிலோ. டப்பா நசுங்கிப்போகாமல் மேலிருந்து இழுத்துப் பிடித்திருப்பது வளைந்த ஒரு தடித்த பட்டை ஸ்பிரிங். காற்றின் பாரம் கூடினால் டப்பா கொஞ்சம் அமுங்கும், குறைந்தால் ஸ்பிரிங் அதைக் கொஞ்சம் தூக்கும். அந்தக் 'கொஞ்சம்' ஒரு தலைமுடியின் கனம்கூட இருக்காது. அதை ஒரு நெம்புகோல் பெரிதாக்கி, குறுக்கே ஒரு தண்டைச் சாய்த்து, தண்டிலிருந்து ஒரு மெல்லிய சங்கிலி முள்ளின் அச்சில் சுற்றி இழுக்கிறது. எதிர்ப்பக்கம் தொய்வு விழாமல் இழுத்துப் பிடிக்க கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற ஹேர் ஸ்பிரிங். மொத்தமே இவ்வளவுதான், இதில் எதுவும் மழையைத் தொட்டுப் பார்ப்பதில்லை.

பட்டை ஸ்பிரிங்கையும் டப்பாவையும் பிரிக்காதீர்கள். பிரித்த அடுத்த நொடி அந்த 13 கிலோ டப்பாவை அமுக்கிவிடும், மறுபடி அதைத் தூக்கி ஊசியைச் செருகுவதற்குத் தனிக் கருவி வேண்டும். நான் ஸ்பிரிங்கின் நுனியை விரலால் மெதுவாக ஒரு தடவை அமுக்கிப் பார்த்தேன், எதிர்ப்பு இருந்தது, விட்டதும் திரும்பி வந்தது. டப்பா நல்லது. அதற்கு மேல் அதன் பக்கம் போகவில்லை.

பழுது இரண்டு இடத்தில் இருந்தது. யாரோ ஒரு காலத்தில் தாராளமாக எண்ணெய் விட்டிருக்கிறார்கள், அது எல்லா மூட்டிலும் பழுப்பு நிறத்தில் பிசினாக உறைந்திருந்தது. அப்புறம் சங்கிலி. அச்சோடு சேரும் இடத்தில் துருப்பிடித்து, மூன்று கண்ணி ஒன்றாக இறுகி ஒரு சின்னக் குச்சி மாதிரி விறைத்துப்போயிருந்தது. பிசினை ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பல்குத்தும் குச்சியின் கூர்முனையும் எடுத்துவிட்டன, துளைக்குள் குச்சியை விட்டுச் சுழற்றி, நுனி வெள்ளையாக வெளியே வரும்வரை புதுக்குச்சி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், வேறு ரகசியம் ஒன்றும் இல்லை. சுத்தம் செய்தபின் எண்ணெய் விடவில்லை. இந்த மூட்டுகள் சுமக்கும் பாரம் சொற்பம், எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வறட்டாக ஓடுவதே மேல்.

சங்கிலியைச் சிகரெட் லைட்டர் பெட்ரோலில் ஊறவைத்து ட்வீசரால் அசைத்துக் கொடுத்தேன். மூன்றில் இரண்டு கண்ணி இளகியது. மூன்றாவது கையோடு வந்துவிட்டது.

இங்கேதான் நூல் உள்ளே வந்தது. அந்த அளவு மெல்லிய சங்கிலி உடனே கிடைக்கவில்லை, கருவி ஓடுகிறதா என்று பார்க்க ஆசை, தையல் பெட்டியில் பருத்தி நூல் இருந்தது. தண்டிலிருந்து அச்சு வரைக்கும் தேவைப்பட்டது வெறும் 25 மி.மீ. முனையில் ஒரு துளிப் பசை, ஹேர் ஸ்பிரிங்கை அரைச்சுற்று முறுக்கி விட்டதும் நூல் விறைப்பாக நின்றது. டயலையும் முள்ளையும் மாட்டினேன். தட்டினால் நகர்கிறது, பையில் போட்டு அமுக்கினால் ஏறுகிறது. சுவரில் மாட்டிவிட்டேன்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. ஈரக்காற்று வீசும் சாயங்காலங்களில் முள் இடப்பக்கம் சரிய ஆரம்பித்தது, சேஞ்சைத் தாண்டி ரெயினைப் பார்த்துப் போகும். பாதி நாள் இரவிலோ மறுநாளோ மழையும் பெய்யும். வெயில் காய்ந்து காற்று வறண்டால் ஃபேர் பக்கம் ஏறி நிற்கும். வீட்டில் உள்ளவர்கள் துணி காயப்போடுமுன் அதைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன்.

சந்தேகம் வந்தது ஒரு எண்ணைப் பார்த்து. முள் ஒரே நாளில் 8 கோடு, 9 கோடு இறங்கும், அதாவது காற்றழுத்த அலகில் 6 ஹெக்டோபாஸ்கல். அதே நேரம் கைப்பேசிக்குள் இருக்கும் அழுத்த உணரி ஒன்றரைதான் காட்டும். சரி, கைப்பேசி பொய் சொல்கிறதோ என்று முதலில் அதைத்தான் சந்தேகப்பட்டேன். அப்புறம் வெந்நீர்ப் பாத்திரத்தின் ஆவிக்கு அருகே பாரமானியைப் பிடித்துப் பார்த்தேன். முள் கண்ணெதிரே இடப்பக்கம் நடந்து போனது. அழுத்தம் மாறவே இல்லை, மாறியது ஈரம். முறுக்கிய பருத்தி நூல் ஈரம் பட்டால் சுருங்கும். 25 மி.மீ. நூல் ஒரு சதவீதம் சுருங்கினாலே கால் மில்லிமீட்டர், அந்த அச்சில் கால் மில்லிமீட்டர் என்றால் டயலில் ஏறக்குறைய 6 ஹெக்டோபாஸ்கல். கணக்கு அப்படியே பொருந்தியது. நூல் இறுகினால் முள் மழைப்பக்கம் போகும்படி சுற்று அமைந்திருந்தது தற்செயல். மாற்றிச் சுற்றியிருந்தால் மழைநாளில் வெரி டிரை என்று காட்டியிருக்கும், முதல் வாரமே கண்டுபிடித்திருப்பேன்.

இழையின் நீளத்தை வைத்து ஈரத்தை அளப்பது புதிதல்ல, 1783இல் சொசூர் என்ற ஜெனீவா அறிவியலாளர் தலைமுடியை வைத்து ஈரமானி கட்டிக் காட்டியிருக்கிறார். நான் பாரமானிக் கூட்டுக்குள் தெரியாமல் ஓர் ஈரமானி கட்டியிருந்தேன், அது எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் டயலில் இருந்த சொற்கள். ரெயின் என்று எழுதியிருக்கிறது, முள் அங்கே போகிறது, மழை வருகிறது, அப்புறம் யார் சங்கிலியைச் சந்தேகிப்பார்கள்?

இந்த இடத்தில் பெயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அப்புறம் நான் செய்த வேலை எல்லாம் இதிலிருந்துதான் வந்தது. பாரமானி என்றால் பாரத்தை அளப்பது, பாரோமீட்டர் என்றாலும் அதுவே. 1643இல் இத்தாலிய அறிவியலாளர் தொரிச்செல்லி பாதரசக் குழாயைக் கவிழ்த்து வைத்தபோது இந்தப் பெயர் இல்லை, 1660களில் ராபர்ட் பாயில் எழுத்தில்தான் வருகிறது. கிரேக்கத்தில் பாரோஸ் என்றால் கனம். நம் பாரமும் அந்த பாரோஸும் ஒன்றுபோல் ஒலிப்பது தற்செயல்தான், வேர் வேறு. பாரோஸுக்கு உண்மையான உறவு சமஸ்கிருத 'குரு', கனமானது என்ற பொருளில். மானியும் மீட்டரும்தான் நிஜமாகவே ஒரு வேரில் வந்தவை. எப்படியானாலும் பெயருக்குள் மழை இல்லை, வெயில் இல்லை, நாளை இல்லை. தலைக்கு மேல் நிற்கும் காற்றின் கனம் மட்டும்.

ஆனால் பேச்சில் நாம் அந்தச் சொல்லை வேறு வேலைக்கு வைத்திருக்கிறோம். பங்குச் சந்தை பொருளாதாரத்தின் பாரோமீட்டர், இடைத்தேர்தல் மக்கள் மனநிலையின் பாரமானி என்று எழுதும்போது எதன் கனத்தையும் யாரும் சொல்வதில்லை, வரப்போவதை முன்கூட்டிக் காட்டுவது என்றே பொருள். உரைகல் என்றால் இருப்பதைச் சோதிப்பது, நாடி பார்ப்பது என்றால் உள்ளே நடப்பதை அறிவது, பாரமானி என்றால் மட்டும் ஜோசியம். இந்த இரண்டாவது பொருள் டயலில் அச்சடித்த சொற்களிலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். என் நூல் கட்டிய கருவி இந்த இரண்டாவது பொருளில் அருமையான பாரமானி. முதல் பொருளில் குப்பை.

முதல் பொருளுக்குத் திருப்புவது என்று முடிவு செய்தேன். அதற்கு இரண்டு வேலை: ஈரத்துக்கு மசியாத ஓர் இணைப்பு, அப்புறம் நிஜமாகவே பாரத்தை வைத்து ஒரு சோதனை.

இணைப்புக்கு தூண்டில் நூல். எல்லாத் தூண்டில் நூலும் ஆகாது, நைலான் தண்ணீரைக் குடிக்கும். பின்னிய பாலிஎத்திலீன் நூல் குடிக்காது. 0.1 மி.மீ. கனத்தில் கிடைக்கிறது. அதன் குறை, தொடர்ந்து பாரம் தொங்கினால் மெல்ல நீளும், ஆனால் இங்கே அதை இழுப்பது ஹேர் ஸ்பிரிங் மட்டும்தான். முடிச்சு வழுக்கும், அதனால் இரட்டை முடிச்சு போட்டுப் பசை வைத்து ஓர் இரவு விட்டேன். மறுநாள் ஆவியில் பிடித்துப் பார்த்தால் முள் அசையவில்லை. அடுத்த முறை என்றால் நூல் பக்கமே போகாமல், தாமதமானாலும் சங்கிலிக்காகக் காத்திருப்பேன், ஏனென்றால் நூலின் பசை உள்ள முனை அச்சில் ஒரு சின்ன மேட்டை உண்டாக்கி, 30.4க்கு மேல் முள்ளைக் கொஞ்சம் துள்ளவிடுகிறது.

சோதனைக்கு வேண்டியது காற்றுப் புகாத ஒரு பாத்திரமும் தண்ணீர் ஊற்றிய ஒரு வளைகுழாயும். குழாய் ரொம்பச் சுலபம்: மீன்தொட்டிக்குக் காற்று விடும் தெளிவான குழாயை ஆங்கில யூ எழுத்து போல் ஒரு பலகையில் அடித்து, நடுவில் மீட்டர் அளவுகோலை ஒட்டி, பாதிவரை தண்ணீர், கண்ணுக்குத் தெரிய ஒரு சொட்டு மை, குழாயில் ஒட்டாமல் இறங்க ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர். ஒரு முனை பாத்திரத்துக்குள், மறுமுனை திறந்தபடி. பாத்திரத்தில் காற்று குறைந்தால் தண்ணீர் அந்தப் பக்கம் ஏறும். இரண்டு மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் 10.2 மி.மீ. என்றால் ஒரு ஹெக்டோபாஸ்கல். பாதரசத்தில் ஓர் அங்குலம் 33.86 ஹெக்டோபாஸ்கல், தண்ணீரில் 345 மி.மீ. ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் பாதி அளவுதான் நகரும், இரண்டையும் படிக்க வேண்டும்.

முதலில் சமையலறை பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்தேன், 20 செ.மீ.க்கு 20 செ.மீ. சதுர மூடி, நான்கு பக்கமும் பூட்டு. மூடியில் துளை போட்டுக் குழாயைச் செருகி சிலிக்கான் பசை வைத்து அடைத்தேன். குழாயின் கிளையில் வாயை வைத்து மெதுவாக உறிஞ்சினால், தண்ணீர் 200 மி.மீ. தாண்டும்போதே மூடி குழிந்து உள்ளே போனது. 300ஐ நெருங்கும்போது ஒரு பூட்டு டப்பென்று கழன்று எல்லாம் பழைய நிலைக்கு வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. ஓர் அங்குலப் பாதரசம் என்பது வளிமண்டலத்தில் முப்பதில் ஒரு பங்கு, அந்த மூடியின்மேல் அது 14 கிலோ. பாரமானி என்ற பெயரின் நேர்ப்பொருளை இதைவிட நன்றாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை, அந்த மூடியின் குழியில் ஒரு மூட்டை கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருந்தது.

அடுத்து வாயகன்ற 5 லிட்டர் கண்ணாடி ஜாடி. கூட்டிலிருந்து எடுத்த கருவி வாய் வழியாக மட்டுமட்டாக உள்ளே போனது. வாயால் உறிஞ்சுவதற்குப் பதில் 60 மி.லி. சிரிஞ்சு, ஒரு சின்ன அடைப்புக் கிளிப். ஒரு முழு இழுப்புக்கு ஜாடியில் சுமார் 12 ஹெக்டோபாஸ்கல் குறையும். கிளிப்பைப் போட்டுவிட்டு சிரிஞ்சைக் காலி செய்து மறுபடி இழுத்தால், மூன்று இழுப்பில் ஓர் அங்குலம் வந்துவிடும். ஒரேயடியாக அதிகம் இழுத்துவிடக் கூடாது, டயலில் உள்ள 28க்குக் கீழே போனால் நெம்புகோல் எங்காவது முட்டி வளைந்துவிடும்.

ஜாடியை அடைத்தபின் கையால் தொடாதீர்கள். இதை நான் கண்டுபிடித்தது தண்ணீர் தானாக நகர்வதைப் பார்த்து எங்கே ஒழுகுகிறது என்று சிலிக்கான் பசையை மறுபடி மறுபடி தடவியபிறகு. ஒழுகல் இல்லை, ஜாடியை அணைத்துப் பிடித்திருந்த என் கை. உள்ளே இருக்கும் காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் 3.4 ஹெக்டோபாஸ்கல் ஏறும், தண்ணீர் மட்டத்தில் 35 மி.மீ. மேசைமேல் வைத்து, வெயிலும் மின்விசிறியும் படாமல், பத்து நிமிடம் விலகி நின்றபிறகு படித்தால் எண் நிலையாக நிற்கிறது.

முதல் ஓட்டத்தில் 345 மி.மீ.க்கு முள் ஓர் அங்குலத்துக்குப் பதில் 0.82 அங்குலம்தான் நகர்ந்தது. நூல் முடிச்சால் அச்சின் சுற்றளவு கூடிவிட்டது போல. இதைத் திருத்த நெம்புகோலில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது, நெம்புகோலின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும். பின்பக்கத்தில், கூட்டின் துளை வழியாகத் தெரியும் பெரிய திருகு வேறு, அது முள் முழுவதையும் இடம் வலமாகத் தள்ளும், ஓர் அங்குலத்துக்கு முள் எவ்வளவு நகரும் என்பதை மாற்றாது. வரிசை முக்கியம்: முதலில் உள் திருகு, கடைசியில் பின் திருகு. உள் திருகைத் தொட்டால் முள் நிற்கும் இடமும் மாறிவிடும் என்பதால் மாற்றிச் செய்தால் வேலை இரட்டிப்பு. கால் சுற்று, ஜாடி, சிரிஞ்சு, பத்து நிமிடம், மறுபடி கால் சுற்று. சலிப்பான வேலைதான். 0.98க்கு வந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

இறங்கும்போது படித்ததையும் ஏறும்போது படித்ததையும் தனித்தனியாக எழுதி வைத்தால் உராய்வு எவ்வளவு என்று தெரியும். இப்போது ஒரு கோட்டுக்குள் இருக்கிறது. கண்ணாடியை மெல்லத் தட்டிவிட்டுப் படித்தால் அதுவும் குறைகிறது. தட்டும்போது முள் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று கவனிக்கப் பழகினால் நல்லது, அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறதா இறங்கிக்கொண்டிருக்கிறதா என்பது அந்தத் துள்ளலிலேயே தெரிந்துவிடும்.

கூட்டில் பொருத்தியபின் பின் திருகு. விமான நிலையங்கள் வெளியிடும் வானிலைக் குறிப்பில் கியூ என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் எண், கடல்மட்டத்துக்குத் திருத்திய அழுத்தம், ஹெக்டோபாஸ்கலில். அதை 33.86ஆல் வகுத்தால் அங்குலம். அந்த எண்ணுக்கு முள்ளை வைத்துவிட்டால் வீடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தனியாகக் கணக்குப் போட வேண்டாம். 1648இல் பிரெஞ்சு அறிவியலாளர் பாஸ்கலின் மைத்துனர் பெரியே பாதரசக் குழாயோடு பிரான்சில் உள்ள புய் த தோம் மலை ஏறியபோது உச்சியில் பாதரசம் சுமார் 8 செ.மீ. இறங்கியிருந்தது, தலைக்கு மேல் காற்று குறைந்தால் பாரமும் குறையும் என்று காட்டியது அந்த ஏற்றம்தான். நமக்கு மாடிப்படி இருக்கிறது. 8, 9 மீட்டர் ஏறினால் ஒரு ஹெக்டோபாஸ்கல், என் டயலில் ஒன்றரைக் கோடு. கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினேன், தட்டினேன், ஒன்றரைக் கோடு இறங்கியிருந்தது. இறங்கி வந்தேன், திரும்பி ஏறியது. இந்த வேலை முழுவதிலும் எனக்கு அதிகச் சந்தோஷம் கொடுத்தது இதுதான்.

'காம்பென்சேட்டட்' என்பது உயரத்துக்கு ஈடுசெய்தது என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை, வெப்பத்துக்கு ஈடுசெய்தது. சூட்டில் ஸ்பிரிங் கொஞ்சம் தளரும், அதைச் சரிக்கட்ட நெம்புகோலில் இரண்டு உலோகப் பட்டை சேர்த்திருப்பார்கள், அல்லது டப்பாவுக்குள் வேண்டுமென்றே துளி காற்றை விட்டு வைத்திருப்பார்கள். என்னுடையதில் அந்த ஈடு முழுமையாக இல்லை. மேசை விளக்கின்கீழ் கொஞ்ச நேரம் வைத்தால் இரண்டு கோடு தவறுகிறது. வெயில் படும் சுவரில் மாட்டக் கூடாது என்பதோடு விட்டுவிட்டேன்.

இப்போது சொற்கள். திருத்திய பாரமானியைச் சில வாரம் பார்த்ததில் முள் 29.7க்கும் 29.95க்கும் நடுவிலேயே உலாத்துகிறது. கொட்டும் மழையிலும் அங்கேதான், சுட்டெரிக்கும் வெயிலிலும் அங்கேதான். இந்த டயல் எழுதப்பட்டது வெப்பமண்டலத்துக்கு வெகுதூரம் வடக்கே, குறைந்த அழுத்தம் வந்தால் மழை, உயர் அழுத்தம் வந்தால் தெளிவு என்று வாரத்துக்கு வாரம் 30 ஹெக்டோபாஸ்கல் ஏறி இறங்கும் வானத்துக்கு. வெப்பமண்டலத்தில் சாதாரண மழை அழுத்தத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை. ரெயின் என்று எழுதியிருக்கும் 29 அங்குலம் 982 ஹெக்டோபாஸ்கல், முள் அங்கே போகும் நாளில் டயலைப் படிக்க வீட்டுக் கூரை இருக்குமா என்பது சந்தேகம். 1979இல் டிப் என்ற சூறாவளியின் மையத்தில் பதிவான 870 ஹெக்டோபாஸ்கலுக்கு இந்த டயலில் இடமே இல்லை.

அதற்குப் பதில் தெரிவது ஒரு ஊசலாட்டம். காலை 10 மணி வாக்கில் முள் உச்சிக்குப் போகும், சாயங்காலம் 4 மணி வாக்கில் அடிக்கு வரும், இரவு 10க்கு மறுபடி ஏறி, விடியற்காலை 4க்கு மறுபடி இறங்கும். வித்தியாசம் 3 ஹெக்டோபாஸ்கல் அளவு, நாலு கோட்டுக்குக் கொஞ்சம் மேல். வளிமண்டலத்தை வெயில் சூடாக்குவதால் எழும் அலை இது, நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் பெரிதாகும். இதைத் தெரியாதவர் ஒவ்வொரு சாயங்காலமும் புயல் வருகிறது என்று பயப்படலாம்.

ஆகவே நான் படிக்கும் முறையை மாற்றிவிட்டேன். பித்தளை முள்ளுக்கு இப்போதுதான் வேலை வந்தது. காலை 10 மணிக்குக் கண்ணாடியைத் தட்டி, பித்தளை முள்ளைக் கறுப்பு முள்ளின் மேல் சரியாகக் கொண்டுவந்து வைத்துவிடுவேன். மறுநாள் அதே 10 மணிக்கு இரண்டுக்கும் இடையில் எத்தனை கோடு என்று பார்ப்பேன். அன்றாட ஏற்ற இறக்கம் அடிபட்டுப்போய், மிச்சம் நிற்பது நிஜமான மாற்றம். ஒரு கோடு, ஒன்றரைக் கோடு என்றால் ஒன்றும் இல்லை. மூன்று கோடுக்கு மேல் தொடர்ந்து இரண்டு நாள் இறங்கினால் வானிலை அறிவிப்பைத் திறந்து பார்ப்பேன், அது என்ன சொல்கிறதோ அதைக் கேட்பேன். பீகிள் கப்பலின் தலைவராக இருந்து, பிற்பாடு 1854இல் பிரிட்டனில் தொடங்கிய வானிலைத் துறைக்குப் பொறுப்பேற்ற ஃபிட்ஸ்ராய் இதைத்தான் மாலுமிகளுக்கு எழுதி வைத்தார், டயலில் உள்ள சொற்களை அதிகம் பார்க்காதே, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார் என்று.

வீட்டில் மட்டும் அதிருப்தி. முன்பு ஒழுங்காக மழையைச் சொன்னது, நீ கைவைத்ததும் கெட்டுப்போயிற்று என்கிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது, துணி காயப்போடுகிறவருக்கு வேண்டியது காற்றின் ஈரம், தலைக்கு மேல் நிற்கும் காற்றின் கனம் இல்லை. பருத்தி நூலை வைத்துத் தனியாக ஒரு சின்ன முள் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன், இந்தத் தடவை வெளிப்படையாக ஈரமானி என்ற பெயரிலேயே.

மிச்ச வேலை: சங்கிலி கிடைத்ததும் தூண்டில் நூலை எடுத்துவிட்டு 0.98ஐ மறுபடி பார்க்க வேண்டும். வெப்பத்துக்கு ஒரு திருத்த அட்டவணை, 5 டிகிரிக்கு ஒன்றாக, ஜாடியில் வெப்பமானியும் வைத்து எடுக்க வேண்டும். அடுத்து ஒன்றைத் திறக்கப் போகிறவர்கள் ஜாடியையும் தண்ணீர்க் குழாயையும் முதலிலேயே கட்டிக்கொள்ளுங்கள், முள்ளைக் கழற்றுவதற்கு முன்பே ஓர் ஓட்டம் ஓட்டி எண்களை எழுதிக்கொள்ளுங்கள். பின் திருகின் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்திருக்கிறேன், யாராவது மழை வரவழைக்கத் திருகினால் தெரிந்துவிடும்.